தையலுக்குள் விட்ட துணி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் அங்கே நல்லபடி இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இங்கே எல்லாரும் சுகம், என் கால்கள் உட்பட. அது என்ன கால்களுக்கு மட்டும் தனிச் சுகம் என்று கேட்பாய், வரிசையில் வரும், பொறு. முதலில் பிள்ளைகளின் பெருமையை எழுதிவிடுகிறேன், கடைசியில் எழுதினால் தாளில் இடம் இருப்பதில்லை, போன முறை சின்னவனுக்கு ஓரத்தில் ஒரு வரிதான் கிடைத்தது. உன் தம்பியின் மூத்தவன் மின்சார வேலைப் பரீட்சையில் தேறிவிட்டான், இனிமேல் அவன் நம் வீட்டு விளக்குகளை அணைத்தால் அது சட்டப்படி அணைப்பது. நடுவிலவள் வாயாடிக்குப் பள்ளிக்கூட விவாதப் போட்டியில் முதல் பரிசு, எதிர் அணிப் பெண் அழுதேவிட்டதாம், அதற்குத் தனிப் பரிசு கிடையாதா என்று நான் கேட்டேன். சின்னவன் குண்டூசி நீச்சல் குளத்தில் இந்தக் கரையில் விழுந்து அந்தக் கரையில் எழுந்தான், நடுவில் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியவில்லை, ஆனாலும் பதக்கம் கொடுத்துவிட்டார்கள். உன் மகன் கணக்கில் வகுப்பிலேயே முதல் என்று நீ சொன்னதை மருந்துக்கடைக்காரர், முடி வெட்டுகிறவர், எதிர்வீட்டு டிரைவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. அது என் ரத்தம். ஐந்தாம் வகுப்பு முடிய நான்தான் கணக்கில் முதல், ஆறாம் வகுப்புக்கு என்னை அனுப்பவில்லை, அதனால் இரண்டாம் இடம் என்பதையே நான் பார்த்ததில்லை. அப்புறம் உன் பெருமை. நீ கடைசியாக அனுப்பிய போட்டோவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பாருங்க என் மகள் எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா, கன்னம் ரெண்டும் எப்படிப் பம்முனு இருக்குன்னு பாருங்க என்று தெருவையே நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். அந்தப் போட்டோவுக்காகத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன்னால் நீ என் செருப்புக் கதையைக் கேட்டாக வேண்டும். போனில் என்றால் நடுவில் சிரித்து வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய், கடிதத்துக்குக் குறுக்கே உன்னால் பேச முடியாது.

என் முட்டி வலிக்கு டாக்டரம்மா கொஞ்ச நாளைக்கு என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார் என்று சொன்னேன் இல்லையா. அது உள்ளே போய் முட்டியிடம் என்ன சொல்லி மிரட்டியதோ, வலி வாயைத் திறக்கவில்லை. மாடிப்படியில் நான் குமரி மாதிரி ஏறினேன், வேலை இல்லாவிட்டாலும் ஏறினேன், பார்க்க ஆள் இருந்தால் இரண்டு தரம் ஏறினேன். இவ்வளவு நல்ல மாத்திரையை எதற்காக நிறுத்துவது? கொடுத்தது தீர்ந்ததும் நானே கடைக்குப் போய், பேரப்பிள்ளைகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டே அட்டை அட்டையாக வாங்கினேன். மருந்துக்கடைக்காரரும் மாத்திரையைக் கொடுத்தால்தான் இந்தம்மா நகரும் என்று கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வீட்டில் பேச்சு கிளம்பியது. உன் தம்பி மனைவி முதலில் பூப்போலச் சொன்னாள், அத்தை, கொஞ்சம் வெயிட் போட்டுட்டீங்க போல. அன்றைக்கே பிஸ்கட் டப்பா மேல் தட்டுக்கு ஏறிவிட்டது. உன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன், என்ன திருட்டுத் தீனி தின்ற, உண்மையைச் சொல்லிடு என்று போலீஸ்காரன் மாதிரி கேட்டான். எடை பார்க்கிற மிஷின் ஒன்றையும் வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்தான். ஏறி நின்றால் ஒவ்வொரு தரமும் முள் முன்னே இருந்த இடத்தைத் தாண்டிப் போகிறது. தரை சரியில்லை என்று சமையலறைக்கு மாற்றினேன், பிறகு வாசலுக்கு, ஒரு தரம் ஒற்றைக் காலில்கூட நின்று பார்த்தேன். முயலுக்குப் போடுகிற இலைதழையெல்லாம் எனக்கு வேக வைத்துப் போட்டாள் மருமகள், அதையும் தின்றேன், அப்படியும் முள் ஏறிற்று. காத்தைக் குடிச்சே குண்டாகிற ஒரே ஆள் நீங்கதான் பாட்டி என்றாள் வாயாடி. எனக்கு இருந்தது ஒரே சாட்சி, என் சட்டைகள். மிஷின் பொய் சொல்லும், சட்டை சொல்லுமா? போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே உடம்பில் உட்காருகிறதே, அதுவும் தையல்காரர் வீட்டுச் சட்டை என்று எல்லார் முன்னாலும் கையை விரித்துக் காட்டினேன். உன் அப்பா அப்போது முன்னறையில் தையல் மிஷினில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கோத்திருந்த ஊசி.

வாயாடிக்குப் பரிசு கொடுக்கிற அன்று எல்லாரும் கிளம்பினோம். நீ வாங்கி அனுப்பிய வார் வைத்த செருப்பை எடுத்தேன். வலது கால் நுழையவில்லை. சரி என்று இடது காலைக் கேட்டேன், அதுவும் முடியாது என்றது. குனிந்து பார்த்தால் கணுக்கால் எலும்பைக் காணோம் மகளே, முழங்காலிலிருந்து கீழே ஒரே சீராகத் தலையணை மாதிரி இறங்கியிருக்கிறது, விரல்கள் அடுப்பிலிருந்து எடுத்த பன் ரொட்டி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பளபளக்கின்றன. உன் அப்பா ஓடி வந்து செருப்பை வாங்கினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார், கடைசியில் பெருமூச்சு விட்டு, இதுல தையலுக்குள்ள ஒண்ணும் விடவே இல்லையே, பிரிக்க முடியாதே என்றார். அப்போ வேற எதைப் பிரிச்சீங்க என்று கேட்டேன். மனிதர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி மறுபக்கம் திருப்பினேன். இடுப்பிலும் கைகளிலும் பழைய தையலின் ஊசித் தடங்கள், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கோடு கோடாக. வெளியே வெளுத்துப்போன துணி அந்த ஓரத்தில் மட்டும் வாங்கின அன்று இருந்த நிறத்தில் இருந்தது. அலமாரியில் இருந்த அத்தனை சட்டையும் அதே கதிதான். நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து எடுத்து, பிரித்து, தள்ளித் தைத்து, பழைய மடிப்பிலேயே மடித்து வைத்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என் துணிகளில் மட்டும் உள்ளே தாராளமாக விட்டுத் தைப்பது அவர் வழக்கம், எதற்கு என்று கேட்டால் இருக்கட்டும் என்பார். அது இதற்குத்தானா என்று கத்தினேன். அதற்கு அவர் சொன்னார், அந்த மிஷின்ல ஏறி இறங்குற ஒவ்வொரு தரமும் நீ முகம் சுருங்கி நிக்கிற, சட்டையாவது உன்ன ஒண்ணும் சொல்லாம இருக்கட்டுமேன்னுதான் செஞ்சேன். இப்படி ஒரு வார்த்தை சொல்கிற மனிதரை எப்படித் திட்டுவது? ஆனாலும் திட்டினேன்.

வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மண்டபம் மாடியில். குமரி மாதிரி ஏறினவள் பாதிப் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன், வாய் திறந்தால் பேச்சு வரவில்லை, நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்தார்கள். வாயாடி பரிசு வாங்கியதை நான் பார்க்கவில்லை. கைத்தட்டல் மட்டும் படியில் கேட்டது. அங்கிருந்து நேராக டாக்டரம்மாவிடம். அவர் என் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். விரல் போய்விட்டது, குழி போகவில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கிற மாதிரி நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்றார், தலையணை மேல் தலையணை அடுக்கினால் முட்டாது என்றேன். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று உன் தம்பி முன்னாலேயே கேட்டார், குறைச்சல்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். புதிதாக ஏதாவது மாத்திரை? நான் பெருமையாகக் கைப்பையைத் திறந்து, நீங்க குடுத்ததுதான் டாக்டரம்மா, ஒரு நாளும் தப்பாம சாப்பிடுறேன் என்று அட்டையைக் காட்டினேன். அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. உங்கள யாரு தப்பாம சாப்பிடச் சொன்னது, கொஞ்ச நாளைக்குத்தானே குடுத்தேன், பிரஷர் இருக்கிற உடம்புல இது உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம தேக்கி வச்சிடும், உங்களுக்கு ஏறினது கொழுப்பு இல்லம்மா, தண்ணி என்றார். தண்ணி! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பாதி நோய் போய்விட்டது. மருமகள் பக்கம் திரும்பி, கேட்டியா, பிஸ்கட் இல்ல, தண்ணி, டப்பாவைக் கீழ இறக்கு என்றேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொழுப்பா இருந்தா நான் உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன், தண்ணின்னாதான் பயம், இதயமும் கிட்னியும் என்ன நிலைமையில இருக்குன்னு பாக்கணும், படுங்க என்றார்.

படுத்தேன். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், நெஞ்சில் எதையோ தடவி உருட்டினார்கள். முடிவு வருகிறவரை உன் அப்பா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கழுத்திலிருந்து கழற்ற மறந்த இஞ்சு டேப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். என்ன, கடைசித் துணிக்கு அளவெடுக்க வந்தீங்களா என்று கேட்டேன். நான் சொன்ன ஒரு நகைச்சுவைக்கு அவர் சிரிக்காதது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் மகளே எனக்கும் பயம் வந்தது, இந்த மனிதரைத் தனியாக விட்டுப் போனால் சாப்பிட்டாரா என்று கேட்கக்கூட ஆள் இல்லையே என்று. கடைசியில் இதயம் சரியாக இருக்கிறது, கிட்னிதான் களைத்துப் போயிருக்கிறது, இந்த மாத்திரையை நிறுத்தினால் தேறிவிடும் என்று வந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தா நான் பேச வேண்டியது உங்ககிட்ட இல்ல, உங்க பிள்ளைங்ககிட்ட என்றார் டாக்டரம்மா. நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டாம், வீட்டில் ஒரே குளியலறை என்பது உனக்குத் தெரியும், குண்டூசி எதிர்வீட்டுக்கு ஓடி ஓடி அவர்களோடு சொந்தமாகிவிட்டான். ஒரு காலையில் குனிந்து பார்த்தேன், கணுக்கால் எலும்பு! காணாமல் போன ஆள் வீடு திரும்பின மாதிரி தடவித் தடவிப் பார்த்தேன். முட்டி வலியும் கூடவே திரும்பி வந்தது, வரட்டும், அது எனக்குப் பழகின கழுதை.

இனிமேல்தான் உன் பங்கு. என் சட்டைகளைப் பழைய கோட்டுக்கே பிடிப்பதற்காக உன் அப்பா மிஷினில் உட்கார்ந்தார். ஒரு சட்டை முடிந்ததும் கை நின்றுவிட்டது. பெரியவளும் கேட்டா என்றார். என்ன கேட்டா என்றேன். நீ அவரிடம் தனியாகப் போன் பேசி, எனக்குத் தைத்து அனுப்புகிற கவுனில் இரண்டு இஞ்சு கூட்டித் தையுங்கப்பா என்றாயாம். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கூட்டச் சொன்னாயாம். அம்மாகிட்ட சொல்லாதீங்க, கேலி பண்ணியே கொன்னுடுவாங்க என்றாயாம். அவரும் வாயை ஊசி நூலால் தைத்துக்கொண்டு கூட்டிக் கூட்டி அனுப்பியிருக்கிறார். நான் கைப்பையைத் திறந்து அந்தப் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தேன். ஊரெல்லாம் காட்டின போட்டோ, நான் ஒழுங்காகப் பார்க்காத போட்டோ. கன்னம் உப்பிக்கொண்டு கண்கள் உள்ளே போயிருக்கின்றன. உன் கழுத்தெலும்பு எங்கே? கல்யாண மோதிரம் விரலில் இல்லை, சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்குகிறது, கேட்டதற்கு இங்கே இதுதான் ஃபேஷன் என்றாய். உடம்பெல்லாம் தடிப்பு, அதற்கு ஏதோ மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நீ எப்போதோ சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே போன் போட்டேன். குளிர் ஊரும்மா, எல்லாரும் இப்படித்தான் உப்புவாங்க, அடுப்புல பால் பொங்குது என்று வைத்துவிட்டாய். நான் உடம்பைப் பற்றிக் கேட்கிறபோது மட்டும் உன் வீட்டில் பால் பொங்குகிறது.

டாக்டரம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். போட்டோவை வச்சு வைத்தியம் சொல்ல முடியாது, அங்க அவங்க டாக்டர்கிட்ட உடனே காட்டச் சொல்லுங்க, தடிப்புக்குக் குடுக்கிற சில மாத்திரையைத் தானா சட்டுனு நிறுத்தவும் கூடாது, உங்கள மாதிரி இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது என்றார். அதனால் இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே போ. மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போ. எப்போதிலிருந்து ஊதுகிறது என்று மறைக்காமல் சொல். நடுவில் மூச்சு வாங்கினால் டாக்டர் நேரம் கொடுக்கிறவரை காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்கு ஓடு. பட்டினி கிடந்து பார்க்காதே, இலைதழையை நான் உனக்கும் சேர்த்துத் தின்றாயிற்று. மாப்பிள்ளையிடம் கேட்டால் நீ எப்பவும் போலத்தான் இருக்க என்பார், அவரும் உன் அப்பா ஜாதி. வீட்டில் நல்ல மனிதர்கள் இருந்தால் இதுதான் ஆபத்து, நம் முகம் வாடக் கூடாது என்று நம்மைச் சாகவிடுவார்கள். கேலி செய்வேன் என்று பயந்தாயே, செய்வேன்தான், நீ சரியான பிறகு ஆசை தீரச் செய்வேன், அதற்காகவாவது சரியாகு.

உன் அப்பா இனிமேல் நம் இரண்டு பேர் துணியிலும் உள்ளே ஒரு நூல்கூட விடுவதில்லை என்று சபதம் எடுத்தார். நான்தான் ஒரு விரல் அகலம் விடச் சொன்னேன், நன்றாகச் சாப்பிட்டு வருகிற சதைக்கு இடம் வேண்டாமா. அதற்கு மேல் பிரிக்க வேண்டி வந்தால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவார். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு இருங்கள், பேரன் கணக்கில் முதலாகவே இருக்கட்டும், உன் மோதிரம் சீக்கிரம் விரலுக்குத் திரும்பட்டும்.

மறக்காமல் புதுப் போட்டோ ஒன்று அனுப்பு. போனில் வேண்டாம், போனிலேயே கன்னத்தை இழைத்துவிடலாமாம், மின்சாரக்காரப் பேரன் என்னையே முப்பது வயசாக்கிக் காட்டினான். கடையில் அச்சடித்துத் தபாலில் போடு. முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நில். கணுக்கால் எலும்பு தெரிகிற மாதிரி எடு. அதைத்தான் இனி நான் தெருவெல்லாம் காட்டப் போகிறேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
எலும்பு திரும்பக் கிடைத்த உன் அம்மா