மேட்டின் முதல் தட்டு

அடியே,

இன்று காலை றப்பர் கன்றுக்குக் குழி வெட்டும்போது ஒரு பானை ஓடு வந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவப்பு. "இங்க பாருடி" என்று திரும்பினேன். அப்புறம்தான் உறைத்தது, நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதமாகிறது.

நம் தோட்டத்து மேட்டைத் தோண்ட ஆராய்ச்சிக்காரர்கள் வந்தபோது நம் இருவரையும் மண் வேலைக்குக் கூப்பிட்டார்கள். வடிகான் வெட்டிப் பழகிய கை உன்னுடையது. ஓரத்தில் வெட்டிய சோதனைக் குழியில், மம்பட்டி இறங்கும் சத்தத்திலேயே "நில்லுங்க, இங்க மண்ணு மாறுது" என்பாய். படித்தவர்கள் குனிந்து பார்ப்பார்கள், மாறித்தான் இருக்கும். அடியில் கல்லாயுதம் செய்தவர்கள், அதற்கு மேல் இரும்பு உருக்கியவர்கள், அதற்கும் மேல் பானை சுட்டவர்கள். தட்டுத் தட்டாக யார் யாரோ வாழ்ந்த மேடு அது.

நடுமேட்டைத் திறந்த அன்றுதான் வம்பு வந்தது. ஒரு முழம் இறங்கியதும் சாணி மெழுகிய தரை, மூன்று அடுப்புக்கல், நெளிந்த தகரக் கோப்பை. நம் பாட்டன்மார் இருந்து இடிந்துபோன பழைய லயத்து வரிசை வீடு. ஆராய்ச்சிக்குப் பொறுப்பாக இருந்த மாத்தையா, "இது குப்பை, வழிச்சு வீசுங்க. பழசு கீழதான் இருக்கு" என்று சிங்களத்தில் சொன்னார். நான் கூடையை எடுத்தேன். நீ அந்தத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய்.

"எந்திரிடி, வேலை போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தேன். பயந்தாங்கொள்ளி நான்.

நீ அவர் மொழியிலேயே கேட்டாய்: "அவங்கல்லாம் இங்க வாழ்ந்தாங்க, நாங்க மட்டும் காத்துலயா இருந்தோம், மாத்தையா? ஆயிரம் வருசம் கழிச்சுத் தோண்டுறவனுக்கு நாங்களும் பழசுதானே?"

அவருக்கு முகம் சிவந்தது. போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். நீ அசையவில்லை. கடைசியில் அளவுநாடாவை அவரே விரித்து, அடுப்புக்கல் மூன்றையும் படத்தில் வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதினார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னாய். என்ன திமிர்! "முதல் தட்டு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு" என்று படித்தார். "இப்ப வெட்டுங்க" என்று நீதான் உத்தரவு கொடுத்தாய்.

ஆத்தாடி, எவ்வளவு துணிச்சல் உனக்கு! அன்று உன்னை மெச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை நான். லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். உன்னைப் போல ஒருத்தியை நான் பார்த்ததே இல்லை என்று இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

போன கிழமை ஒரு படிவம் நிரப்ப நிவித்திகல டவுனுக்குப் போனேன். அரசாங்கக் கந்தோரில் இருந்த அலுவலர் "சொந்த ஊர் எது?" என்றார். இந்தக் கேள்விக்கு நான் எப்படி முழிப்பேன் என்று உனக்குத் தெரியும். அப்பா சொன்ன, கண்ணால் பார்த்திராத ஓர் இந்திய ஊரின் பெயரை முணுமுணுப்பேன். இந்த முறை தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"அது தோட்டம். ஊரச் சொல்லுங்க."

"அதுதாங்க என் ஊரு" என்றேன். அவர் அதை எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.