தந்தியில் நான் அடிக்காத சொல்

அக்கா,

நேற்று வண்ணாரப்பேட்டையில் சோப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் கார்பாலிக் சோப்பை எடுத்து நீட்டினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் வாங்காமலே திரும்பிவிட்டேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. கல்மண்டபத்து மீன்காரி ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எண்ணூருக்கு வடக்கே, உப்பளத்து நடுவில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷனில் நான் தந்தி குமாஸ்தா. நீ பக்கத்துக் குப்பத்தில் பிரசவம் பார்த்தவள். டாக்டர் வேண்டுமென்றால் ராயபுரம் போகவேண்டும்; ஒரு நாளைக்கு இரண்டே வண்டி. ஒருநாள் ஒரு குழந்தைக்குப் பேதி நிற்கவில்லை என்று ஓடிவந்தாய். அடித்துத்தான் பார்ப்போமே என்று ராயபுரத்து ரயில்வே டாக்டருக்குத் தந்தி அடித்தேன். அரைமணியில் பதில் வந்தது. மாலை வண்டியின் கார்டு மருந்து கொண்டுவந்தார். குழந்தை பிழைத்தது. அதன்பின் குப்பமே என் ஜன்னலுக்கு வந்தது. எனக்கும் பெருமை தாங்கவில்லை. பிரசவம் பார்க்குமுன் கார்பாலிக் சோப்பால் கை கழுவவேண்டும் என்று டாக்டர் ஒருமுறை தந்தியடித்தபோது நீ சிரித்தாய்.

"இன்னா நைனா, அங்க குந்திகினே என் கையி அழுக்கு அவருக்குத் தெரியுதா?"

ஆனால் கழுவினாய். கழுவாமல் அப்புறம் ஒரு பெண்ணையும் நீ தொட்டதில்லை.

குப்பத்துக் கன்னியம்மா விஷயத்துக்கு வருகிறேன். எத்தனை நாள்தான் தள்ளிப்போடுவது. நட்ட நடுப்பகலில் மணலில் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாய்.

"எட்டு மாசம் நைனா. வலியும் கீது, ரத்தமும் நிக்காம போய்க்கினே கீது. துணி துணியா நனையுது. அப்டியே சொல்லு."

அந்த லைனில் ஒரு ஸ்டேஷன் அடிப்பதை எல்லா ஸ்டேஷனும் கேட்கும். முந்தின வாரம்தான் அடுத்த ஸ்டேஷன் குமாஸ்தா என்னைப் 'பிரசவ மாஸ்டர்' என்று தந்தியிலேயே கிண்டல் செய்திருந்தான். அத்தனை ஆண்கள் காதில் விழும்படி ஒரு பெண்ணின் ரத்தத்தை அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 'எட்டு மாதக் கர்ப்பிணி, கடும் வயிற்றுவலி' என்று மட்டும் அடித்தேன். படுக்கவை, காலை வண்டியில் அனுப்பு என்று பதில் வந்தது.

"ரத்தத்துக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"அவ்ளோதான்க்கா வந்திருக்கு."

அடுத்த அரைமணியில் ஒரு கூட்ஸ் வண்டி ராயபுரம் போயிற்று. ரத்தம் என்று தெரிந்திருந்தால் டாக்டர் அதில் ஏற்றச் சொல்லியிருப்பார். முன்பு கை நசுங்கிய உப்பளத்து ஆளை அப்படித்தான் ஏற்றச் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்தில் கன்னியம்மா போய்விட்டாள். வயிற்றில் இருந்த பிள்ளையும் போயிற்று.

குப்பம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தந்திப் பெட்டியை நம்பிப் பெண்ணைச் சாகவிட்டாள் என்று உன்னைத்தான் ஏசியது. மூன்றாம் நாள் நீ ஜன்னலுக்கு வந்தாய். முகத்தில் கோபமே இல்லை.

"நீ ரத்தம்னு சொன்னியா நைனா?"

"சொன்னேன்க்கா."

தலையாட்டிவிட்டுப் போனாய். பிறகு உன்னை யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கல்மண்டபத்துக்கு மீன் விற்கப் போனாய். ஒருநாள் அங்கே என்னைப் பார்த்து, "நல்லா கீறியா நைனா?" என்று கூப்பிட்டாய். காதில் விழாதவன் போல வேறு தெருவில் திரும்பிவிட்டேன்.

இப்போது வேறு ஸ்டேஷனில் இருக்கிறேன். யார் ஜன்னலுக்கு வந்தாலும் சொன்னதைச் சொன்னபடி அடிக்கிறேன். ரத்தம், சீழ், எதையும் விடுவதில்லை. லைனில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இதனால் நான் நல்லவன் ஆகிவிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ராயபுரத்திலிருந்து அரைமணியில் பதில் வந்துவிடும். நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இல்லை அக்கா. ரத்தம் என்று நான் சொல்லவே இல்லை.