இந்த முறை ஜூஸ் பெட்டி வராது

கார்வர்
நவம்பர் 11, 1996

அன்பு மகள் இதலினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம் என்று எழுதச் சொல்லி உன் அம்மாவின் உத்தரவு, அதை நான் எழுதப் போவதில்லை. நீ சௌக்கியமா என்று ஒப்புக்குக் கேட்கவும் போவதில்லை, அதற்குப் பதில் எனக்குத் தெரியும், எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன். வழக்கம்போல மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தபோது, அறுவடை முடிந்தது, எனக்குக் கொஞ்சம் சளி, உனக்கு ஜூஸ் பெட்டி அனுப்புகிறேன் என்று அவள் சொன்னாளே, அதில் அறுவடை முடிந்தது மட்டும்தான் உண்மை. அப்போது அவள் மருத்துவமனையிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வலது பக்கம் நீளத் தையல். உள்ளே ஒரு சிறுநீரகம் இல்லை, எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டாள், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, அதனால் அழுதுகொண்டே படிக்காதே, நிதானமாகப் படி. ஃபோன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள் உன் அம்மா. பக்கத்து வயல் டொய்வோ வீட்டிலிருந்து, நீ பாடம் சொல்லும் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன். யாரோ எடுத்து, வகுப்பிலிருந்து உன்னைக் கூட்டிவரட்டுமா என்றார்கள். நீ வந்து நின்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம்.

அறுவடைத் தண்ணீரைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ அதில் இடுப்பளவு நின்று வளர்ந்தவள். ஒரே தண்ணீர்தான், குளத்திலிருந்து முதலில் நம் வயலுக்கு, நாம் கிரான்பெர்ரிக் காயை உதிர்த்து, மிதப்பதை வளைத்து அள்ளியதும் மதகைத் திறந்தால் டொய்வோ வயலுக்கு, அங்கிருந்து கீழே மற்றவர்களுக்கு. இந்த வருஷம் நம் முறை அக்டோபர் பதினாலும் பதினைந்தும். புதன்கிழமை காலை டொய்வோ வயலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க உன் அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. எனக்கு அது தெரியாது என்று சொன்னால் பொய். அடிக்கடி எழுந்து போவதும், போகும்போது பல்லைக் கடிப்பதும் தெரியும், அதற்கு மருந்தென்று ஃபிரிட்ஜிலிருந்து அந்தச் சிவப்பு ஜூஸ் பாட்டிலை எடுத்து எடுத்துக் குடிப்பதும் தெரியும். பெண்கள் சமாசாரம், அவளுக்கு ஆகவேண்டியதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டேன். கிரான்பெர்ரி விளைவிக்கிற வீட்டில் இதற்கெல்லாம் டாக்டரிடம் போனால் ஊர் சிரிக்கும் என்று அவளே சொல்வாள், நானும் அதற்குத் தலையாட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் குளிருதுய்யா என்றாள். காச்சுப்பாக் கஞ்சியைச் சூடு பண்ணி வைத்தால் ஒரு கரண்டிகூடத் தொடவில்லை. விலாவுக்குக் கீழே, முதுகில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படியே எழுதுகிறேன், அவள் உன்னிடம் இதைச் சொல்ல மாட்டாள். "ஒரு கிளாஸ் குடிச்சிட்டு வா, தெயொலிந்தா. நாளைக்குத் தண்ணி போகணும், ஆள் பத்தாது." குடித்தாள், மார்புவரை வருகிற அந்த ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதைக் கழற்றி மாட்ட எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும், அதற்குப் பயந்து அறுவடை நாளில் நம் பெண்கள் யாரும் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை, வந்தாலும் சாயங்காலம்வரை அடக்கிக்கொள்கிறார்கள். முப்பது வருஷமாக நான் அந்தத் தண்ணீரில் நிற்கிறேன், இதை ஒரு நாளும் யோசித்ததில்லை. ஆம்பளைக்கு என்ன, வரப்பு ஓரமாக ஒதுங்கினால் முடிந்தது.

பதினொரு மணிக்குக் காயைத் தள்ளிக்கொண்டே வந்தவள் அப்படியே சாய்ந்தாள். டொய்வோவின் மருமகள் லெம்பி பக்கத்தில் இருந்ததால் முகம் தண்ணீரில் முழுகாமல் பிடித்துக்கொண்டாள். உடம்பு கொதித்தது, உளறினாள். ஆம்புலன்ஸ் வந்தது. கூட ஏறுங்கள் என்றார்கள். நான் ஏறவில்லை, இதலினா. லெம்பியை ஏற்றிவிட்டேன். மிச்சக் காயை அள்ளி, மதகுப் பலகையை ஒவ்வொன்றாக உருவி, தண்ணீர் டொய்வோ பக்கம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, நாலரை மணிக்குத்தான் மருத்துவமனைக்குப் போனேன். ஏன் என்று கேட்பாய். வயல்களில் மண்டி போட்டுக் கூலிக்குக் காய் பறித்த தீவுக்காரக் கூட்டத்தில், இந்தச் சாலையில் சொந்த வயல் வாங்கியது நாம்தான். கேப் வெர்டே தீவுக்காரன் தண்ணீர் முறை தவறினான் என்று ஒருத்தன் வாயிலும் வரக்கூடாது என்று பதினேழு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீம்புதான். மறுநாள் டொய்வோ மருத்துவமனைக்கு வந்து, நடைபாதையிலேயே என் சட்டையைப் பிடித்துவிட்டான். "அடப்பாவி, தண்ணி எங்கடா ஓடிப்போகும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு வாரம் காத்திருந்திருப்பேனே! உன்கிட்ட எவன்டா கேட்டான் இந்த யோக்கியதையை?" என்று கத்தினான். ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் ஒரு சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும். சிறுநீரகத்தில் கல், அதற்குப் பின்னால் சீழ் என்றாள். எத்தனை தடவை வந்திருக்கிறது என்று கேட்டாள், எனக்குத் தெரியவில்லை. என்ன மருந்து எடுத்தார்கள் என்று கேட்டாள். ஜூஸ் என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் கோபிக்கவில்லை. நீர்க்கடுப்பு அடிக்கடி வருகிற பெண்களுக்கு மறுபடி வராமல் இருக்க ஜூஸ் கொஞ்சம் உதவலாம், இப்போதுதான் ஆராய்ச்சி செய்கிறார்கள், வந்துவிட்ட பிறகு அது மருந்தே இல்லை, காய்ச்சலும் முதுகு வலியும் வந்தால் அன்றைக்கே ஓடிவர வேண்டும் என்றாள். பிறகு, எவ்வளவு சர்க்கரை போடுவீர்கள் என்று கேட்டாள். உன் அம்மா கைப்பக்குவம் உனக்குத் தெரியுமே, கப்புக்குக் கப்பு. அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது இருந்தால் இந்தத் தொல்லை திரும்பத் திரும்ப வருமாம். அவள் அதற்கு இன்னும் இன்னும் ஜூஸ் குடித்தாள். நம் வயல், நம் காய், நம் அடுப்பு. வேறு யாரைத் திட்டுவது?

நாலாம் நாள்தான் அவளுக்கு முழு நினைவு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முதலில் கேட்டது, "தண்ணி போயிடுச்சா?" போயிடுச்சு என்றேன். நீ எத்தனை மணிக்கு வந்தே என்றாள். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து, உப்பு எங்கே, கதவைச் சாத்து, இப்படித்தான் பேச்சு. திட்டினால்கூடத் தேவலை. உனக்குத் தெரியும், அவள் வாயைத் திறந்தால் கூரை பறக்கும். இப்போது வீடு சத்தமில்லாமல் இருக்கிறது, எனக்கு அதைச் சகிக்க முடியவில்லை.

அவள் மருத்துவமனையில் இருந்தபோதுதான் அவள் பெயருக்கு உன் கடிதம் வந்தது. பிரித்தேன். பிரித்திருக்கக்கூடாது, பிரித்தேன். நீ எழுதியிருந்தது இதுதான்: உனக்குப் பதினைந்து வருஷமாக வருகிற நீர்க்கடுப்பு எனக்கும் மறுபடி வந்துவிட்டது, இந்த வருஷம் மூன்றாவது தடவை, வகுப்பை விட்டு எழுந்துபோக முடியாமல் அடக்கிக்கொள்கிறேன், டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே அலாஸ்காவில் சின்ன விமானம் பிடித்துப் போக வேண்டும், அதனால் உன் ஜூஸ் பன்னிரண்டு பாட்டில் அனுப்பு, அப்பாவிடம் சொல்லாதே. கடைசி இரண்டு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆக உனக்கு எல்லாம் தெரியும். உன் அம்மாவுக்குப் பதினைந்து வருஷமாக வருகிறது என்று தெரியும். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வீர்கள், நான் அறைக்குள் வந்ததும் மழையைப் பற்றிப் பேசுவீர்கள். நீ படித்தவள்தானே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், எனக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? இன்னொரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருப்பேன்.

நம் சாலையோர ஜூஸ் கடையில் "பெண்களுக்கு நல்லது" என்று அவள் பெயின்ட் அடித்து மாட்டிய பலகையை நேற்றுக் கழற்றப் போனேன். ஜன்னலிலிருந்தே, அதில் கை வைக்காதே, என் பலகை என்றாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்பெல்லாம் பெண்கள் வந்து அவள் காதில் கிசுகிசுத்தால் நான் கூடையை நகர்த்துகிற சாக்கில் பின்பக்கம் போய்விடுவேன். இப்போது கடையில் நான்தான். சனிக்கிழமை ஒரு இளம்பெண் வந்து மூன்று பாட்டில் கேட்டாள். எரிச்சலாம்மா, காய்ச்சல் இருக்கா, முதுகு வலிக்குதா என்று கேட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "என்னங்க பெரியவரே, இதெல்லாமா கேப்பீங்க?" என்று கோபித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். போகட்டும். வருகிறவர்களிடமெல்லாம் கேட்கத்தான் போகிறேன்.

ஜூஸ் பெட்டி அனுப்பமாட்டேன், மகளே. அம்மா கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துப் பாட்டில்களை அலமாரியில் வைத்துவிட்டேன், அவளுக்கும் தெரியும். இதைப் படித்து முடித்ததும் விமானத்துக்குச் சொல். பள்ளிக்கூடம் ஒரு நாள் மூடிக் கிடந்தால் ஒன்றும் குடிமுழுகாது, தண்ணீர் எங்கும் ஓடிவிடாது என்று டொய்வோ சொன்னதை நினைத்துக்கொள். மாத்திரை கொடுத்தால், எரிச்சல் நின்றுவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதே. சர்க்கரையும் பார்க்கச் சொல். கிறிஸ்துமஸுக்கு வா, அம்மா உன்னிடமாவது வாய் திறப்பாள். உன் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் கடவுள் வைத்திருக்கட்டும், ராத்திரி தூங்குமுன் அதைத்தான் கேட்கிறேன்.

உடனே பதில் போடு. காய்ச்சல் இருக்கிறதா? குளிர் எடுக்கிறதா? முதுகில் எந்தப் பக்கம் வலி? உன் அம்மாவிடம் நான் ஒரு நாளும் கேட்காத கேள்விகள் இவை, உன்னிடம் கேட்கிறேன். உறையின் மேல் என் பெயரை எழுது.

உன் அப்பா,
பெல்மீரோ