தொட்டிக்கு வந்த சாம்பல் நிறச் சுண்ணாம்பு

5-4-87, ஞாயிறு

விடிந்ததுமே புழுக்கம். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் ஒளு செய்யும் தொட்டியைக் காலி செய்தாயிற்று. பழைய சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து கிடக்கிறது. போன வருஷம் போட்ட சிமெண்ட் ஒட்டும் பிளந்துவிட்டது. மறுபடி சுண்ணாம்பே என்று கமிட்டி முடிவு. நோன்புக்குள் தண்ணீர் நிற்க வேண்டும். சயின்ஸ் வாத்தியார் என்பதால் என் தலையில் கட்டினார்கள்.

சரக்கு தருவது நூர்ஜஹானின் தம்பி காதர். படப்பையில் சுண்ணாம்பு வியாபாரம். வாய்க்கு வாய் மச்சான் என்பான். "மச்சினன் சரக்கா?" என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருக்கணும்.

வாங்க: சிவப்பு மை, மண்ணெண்ணெய், நூருக்குத் தைலம்.

7-4, செவ்வாய்

லாரி வந்தது. இரண்டு வகை. சுட்ட கிளிஞ்சல், பால் வெள்ளை, வெளிச்சுவருக்காம். இன்னொன்று சுக்கான் கல்லைச் சுட்டது, கட்டி கட்டியாக, தொட்டியின் உள்பக்கத்துக்காம். சாம்பல் நிறம். ஏன்? சிமெண்ட் நிறமல்லவா அது!

தண்ணீர் விட்டதும் கிளிஞ்சல் கொதித்துப் பொங்கியது. சாம்பல் அரை மணி நேரம் சும்மா கிடந்தது. பிறகு லேசாக உதிர்ந்தது.

காதருக்கு ஒரே அவசரம். "இத மட்டும் ஊறப் போடாதீங்க மச்சான். அன்னன்னிக்கு அரைச்சு அன்னன்னிக்கே பூசிடணும்."

சுண்ணாம்பு ஊற ஊறத்தானே நல்லது? யார் கண்ணிலும் படுவதற்குள் பூசிவிடச் சொல்கிறானா? இரண்டையும் தனித்தனிக் குழியில், தண்ணீருக்கடியில் போடச் சொன்னேன். காதர் சொன்னபடியே செய்யலாமே என்று இழுத்தார் கொத்தனார் முனுசாமி. இவரும் கூட்டு.

12-4, ஞாயிறு

குழிகளைப் பார்த்தோம். வெள்ளை, வெண்ணெய் மாதிரி. சாம்பல், தண்ணீருக்கடியிலேயே பாறை. மண்வெட்டி இறங்கவில்லை. நினைத்தேன்!

காதரை வரவழைத்தேன். நாலு பேர் முன்னால் கேட்டேன்: "தொழுகைக்குக் கைகால் கழுவுற தொட்டியிலயே சிமெண்டைக் கலந்து ஏமாத்துறியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். நூர் சோறு போட்டாள். வைத்ததும் உள்ளே போய்விட்டாள். எனக்கென்ன, நியாயம் நியாயம்தான்.

13-4, திங்கள்

கடப்பாறையால் சாம்பலைப் பெயர்த்து பள்ளிக்கரணைப் பக்கம் பள்ளத்தில் கொட்டியாயிற்று. தொட்டி முழுக்க வெள்ளையே பூச்சு. முனுசாமி முணுமுணுப்பு.

சாக்கின் அடியில் ஒரு சாம்பல் கட்டி மிச்சம். கமிட்டிக்குக் காட்ட ஆதாரம் வேண்டுமே. கட்டியை நானே நீற்றி, உருட்டி, ஊறுகாய் பாட்டிலில் தண்ணீருக்குள் போட்டேன். ஒப்பிட இன்னொரு பாட்டிலில் வெள்ளை உருண்டை.

பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி.

22-4, புதன்

நேற்று மாலை தொட்டியை நிரப்பினோம். காலையில் பாதிதான் இருந்தது, அதுவும் மோர் நிறத்தில். பூச்சில் கட்டைவிரல் இறங்குகிறது.

முனுசாமி வாயைத் திறந்தார். "வெள்ள சுண்ணாம்பு காத்து பட்டாதான் சார் எறுகும். தண்ணிக்குள்ள எத்தினி நாள் கெடந்தாலும் இப்டியேதான் கீது. தண்ணிக்குள்ள எறுகுறது அந்த சாம்பல்தான். சொன்னா நீ எங்க கேட்ட?"

வீட்டுக்கு வந்து பாட்டில்களைத் திறந்தேன். வெள்ளை, கஞ்சி. சாம்பல், கல். ஆணியால் கீறினேன், வழுக்கியது. லாரியில் வரும்போதே முழுக் கட்டிகள். சுட்ட கல்லுக்குள் சிமெண்டை எவனால் கலக்க முடியும்? நிறம், மெதுவாக நீறியது, அவன் அவசரம், எல்லாம் அந்த ஜாதிச் சுண்ணாம்பின் குணம். வாத்தியாராம் வாத்தியார். வெட்கமாக இருக்கிறது.

நூரிடம் சொன்னேன். "என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றாள்.

24-4, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் அதே நாலு பேரிடம் என் தப்பைச் சொன்னேன். பிறகு தாம்பரத்திலிருந்து படப்பை பஸ். நின்றுகொண்டே பயணம்.

காதர் கடையில்தான் இருந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டான், டீ சொன்னான். மன்னிப்புக் கேட்டேன். தொட்டிக்கு மறுபடி சாம்பல் சரக்கு வேண்டும் என்றேன். தலையாட்டினான். முகத்தில் கோபம் தெரியவில்லை, சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

சாம்பல் மூட்டைகளை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து சொன்னான்:

"ஊறப் போடாதீங்க. அன்னன்னிக்கே பூசிடுங்க சார்."