மாதா படத்துக்கு முன்னால் பதித்த கல்

சிலுவை,

நீ மார்க்கெட்டிலிருந்து வருவதற்குள் எனக்கு ஹார்பரில் ஷிஃப்ட் ஆரம்பித்துவிடும். கஞ்சியை மூடி வைத்திருக்கிறேன். கருவாடு உறியில் இருக்கிறது.

நேற்று ஜெபமாலையில் பாதியிலேயே எழுந்து, "இன்னாய்யா கல்லு இது, பொத்தல் பொத்தலா கீது, முட்டியில குத்துது" என்றாய். ஹார்பர் ஏலத்தில் ஆசையாக எடுத்து, மாதா படத்துக்கு முன்னால் நானே பதித்த இத்தாலிக் கல் ஆயிற்றே என்று எனக்குக் கோபம். "டிராவர்டைனுன்னா அப்டித்தான் இருக்கும். இத்தோட அருமை உனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

காலையில் நீ போனதும் உன் இடத்தில் முட்டி போட்டுப் பார்த்தேன். ஜெபமாலையில் ஐம்பது தடவைக்கு மேல் வரும் அருள்நிறை மந்திரத்தில் ஒன்று முடிவதற்குள் எழுந்துவிட்டேன்.

உன் இடத்துப் பொத்தல்களை மட்டும் வெள்ளை சிமெண்டால் அடைத்துத் தேய்த்திருக்கிறேன். ஈரம் காயவில்லை, சாயங்காலம் வரை மிதிக்காதே. மீன் கழுவின புளித்தண்ணீரும் அந்தப் பக்கம் போகவேண்டாம், கல்லை அரித்துவிடும்.

ஸ்டானிஸ்லாஸ்

இன்னொன்று. என் இடத்தை அடைக்கவில்லை. கத்தினவனுக்குக் கொஞ்சம் குத்தட்டும். ஆனால் ஜெபமாலையை முன்னால் சொல்பவள் நீதானே, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொல்.