நாற்பத்தொன்றாம் அறையின் பகல்காரர்

ஜனவரி 9, வெள்ளி

மகளுக்கு,

எனக்கு இங்கே அறை கிடைத்துவிட்டது. கட்டட மேனேஜர் காலை பத்தரைக்கு வாயால் சொன்னார், பதினொன்றுக்குச் சாவியைக் கையில் கொடுத்தார். ஆகவே உறுதியான செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது மாடி, நாற்பத்தொன்றாம் எண். நீளம் ஒன்பது அடி, அகலம் ஐந்தேகால். நானே டேப் வைத்து அளந்தேன். கட்டிலைத் தூக்கிச் சுவரில் மாட்டினால்தான் மேஜை கீழே இறங்கும். மேஜை இறங்கியிருக்கும்போது கதவு திறக்காது. கீழே தொலைபேசிக் கூண்டு உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். கூண்டு இருக்கிறது, அதில் ஒரு தையல்காரர் குடியிருக்கிறார். நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாராம்.

என் அறையும் முழுசாக என்னுடையது அல்ல. மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை எனக்கு. பகலில் இன்னொருவருக்கு. பஸ் டிப்போவில் இரவு வேலை பார்க்கும் டிக்கெட் பரிசோதகர் அவர். நான் பின்படியில் இறங்கும்போது அவர் முன்படியில் ஏறுவார். சந்திக்கக் கூடாது என்பது கட்டட விதி. நான் அவருக்குப் பகல்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

நகராட்சிச் சட்டப்படி ஓர் அறைக்கு ஓர் ஆள்தான். அதனால் பதிவேட்டில் நாங்கள் இருவரும் ஒரே ஆள். என்னிடம் பாஸ்போர்ட் இருப்பதால் பெயர் என்னுடையது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டு, ஒரே மாதிரி தொப்பி. மேனேஜர் என் உயரத்தையும் தோளையும் அளந்துவிட்டு, "கண்ணாடி நம்பர்கூட கிட்டத்தட்ட சரியா வருது சார். சில பேருக்கு ஆறு மாசம் தேடியும் ஜோடி அமையறதில்ல" என்றார். கல்யாணத் தரகர் முன்னால் நிற்பது போலக் கூச்சமாக இருந்தது.

பத்திரிகைக்கு ஆறு கட்டுரைகள் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தலைப்பு 'சிறிய அறைகள்'. ஏப்ரலில் திரும்பிவிடுவேன்.

நிலுவையில் இருப்பது ஒன்று. நகராட்சி இன்ஸ்பெக்டர் எப்போதாவது வந்து கேள்வி கேட்டால் பகல்காரர் நானாகவே பதில் சொல்ல வேண்டும். அதற்காக என்னைப் பற்றி எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நாளை சனிக்கிழமை கடைசி நாள். முப்பத்தெட்டு வருஷம் அடுத்தவர்களைப் பற்றி எழுதியவனுக்கு இது பெரிய வேலை இல்லை.

அப்பா


ஜனவரி 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலத்தை நீங்கள் எழுதவில்லை, அதனால் நானே நலம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் கடிதத்தில் அறையின் அகலம் இருக்கிறது. "நீ எப்படி இருக்கிறாய்" என்பது இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

ஹாலின் கோடியில் பீரோவை நகர்த்தி உங்களுக்கு இடம் செய்திருக்கிறேன். நானும் அளந்தேன்: எட்டு அடிக்கு ஆறு. உங்கள் நாற்பத்தொன்றைவிட அகலம் அதிகம், பகலிலும் உங்களுடையதுதான். உங்கள் மாப்பிள்ளை, "மாமா வந்தா என் ஈஸிசேர் வெளிய போயிடும். பரவால்ல, நானும் அதோடயே போயிடறேன்" என்கிறார். போகமாட்டார், பயப்படாதீர்கள்.

பொடியன் நேற்று என் இடது பக்கம் நின்று பத்துத் தடவை கூப்பிட்டுவிட்டு, "அம்மாவுக்கு என்மேல கோவம், பேசவே மாட்டேங்கறா" என்று அவரிடம் அழுதிருக்கிறான். ஆறு வயசாகிறது, அந்தக் காது அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது என்பது இன்னும் மண்டையில் ஏறவில்லை. நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையிலும் இதே கதைதான். "மூச்சை இழுங்க" என்று சொல்லிவிட்டு வலது பக்கம் திரும்பி நின்றால்தான் நோயாளி சொல்வது கேட்கிறது.

அப்பா, அம்மா போனபோதும் நீங்கள் வெளியூரில்தான் இருந்தீர்கள். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஏப்ரலில் வரவில்லையென்றால் அந்த இடத்தில் பொடியனின் கட்டிலைப் போட்டுவிடுவேன். பிறகு உங்களை வா என்று கேட்க மாட்டேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரிதான்.

அன்பு மகள்


பிப்ரவரி 5

மகளுக்கு,

உன் கடிதம் திங்களன்று வந்தது. என் கைக்கு வந்தபோது உறை பிரிந்திருந்தது. தபால் பகலில் வருவதால் பகல்காரர்தான் முதலில் பார்க்கிறார். உறைமேல் இருக்கும் பெயர் எங்கள் இருவருக்கும் பொது என்பதால் அதில் தவறில்லை என்று வாட்ச்மேன் சொல்கிறார். யோசித்துப் பார்த்தேன், விதிப்படி அவர் சொல்வது சரி.

நகரத்தில் பகல் முழுக்கச் சுற்றுகிறேன். சண்டை போடுவதற்கென்றே மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டில் குரலை உயர்த்தினால் நான்கு பக்கமும் சுவர் தட்டுவார்கள் என்பதால் கணவன் மனைவி இங்கே முன்பதிவு செய்து வருகிறார்கள். ஒரு பெண்ணிடம் பேசினேன். "எங்க முறை வர்றதுக்குள்ள எதுக்குச் சண்டைன்னே மறந்துடுது. குடுத்த நேரத்துக்கு ரெண்டு பேரும் உக்காந்து தூங்கிட்டு வந்துடுவோம்" என்றாள். வாசகசாலையில் நாற்காலிகள் அரைமணிக் கணக்கு. இடம் குறையக் குறைய ஜனங்கள் மரியாதையானவர்களாக ஆகியிருக்கிறார்கள். யாரும் யாரையும் இடிப்பதில்லை. அதே சமயம் யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதும் இல்லை.

இதை எழுதலாமா என்று யோசித்தேன். செய்தி என்பதால் எழுதுகிறேன். தலையணையில் ஒரு பள்ளம் இருக்கிறது, என் தலை அதில் சரியாகப் பொருந்துகிறது. அது நான் படுப்பதற்கு முன்பே அங்கே இருந்தது. டைப்ரைட்டரில் மூன்றாவது கட்டுரையைப் பாதியில் விட்டிருந்தேன். மறுநாள் மாலை அது முடிந்திருந்தது. கடைசி இரண்டு பத்திகள் என்னுடையவை அல்ல. அவசரத்தில் அப்படியே அனுப்பிவிட்டேன். ஆசிரியர் அந்த இரண்டு பத்திகளைத்தான் பாராட்டி எழுதியிருக்கிறார்.

நேற்று வாட்ச்மேன், "என்ன சார், காலைல மகளுக்குக் காது கேக்கலன்னு அவ்வளவு வருத்தப்பட்டீங்க. சாயங்காலம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வர்றீங்க" என்றார். அவருக்கு இரண்டு ஆள் விஷயம் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் மார்ச் முதல் வாரம் வருவதாகத் தகவல். இன்னும் எழுத்தில் வரவில்லை.

அப்பா


பிப்ரவரி 18

என் செல்லத்துக்கு,

எப்படியம்மா இருக்கிறாய்? இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

உன் ஜனவரிக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். பொடியனை மடியில் உட்காரவைத்து, அம்மாவின் வலது பக்கம் வந்து நின்றுதான் கூப்பிட வேண்டும், அது ஒரு விளையாட்டு என்று சொல்லிக்கொடு. பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றால் சட்டென்று புரிந்துவிடும். நீ பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்காருகிறாய்? ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கம் வருகிற வண்டி உனக்குக் கேட்காதே என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

எட்டுக்கு ஆறு தாராளம். அதில் பாதி போதும் எனக்கு. மாப்பிள்ளையின் ஈஸிசேர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நான் சின்ன இடத்தில் வாழப் பழகியவன்.

அம்மா போனபோது பக்கத்தில் யாரும் இல்லாமல் நீ தனியாக நின்றிருப்பாய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏப்ரல் வரை தள்ளிப்போட வேண்டாம் என்று தோன்றுகிறது. சீக்கிரமே வந்துவிடுகிறேன்.

அப்பா


மார்ச் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று மூன்று தடவை படித்தேன். வேலைக்குப் போகும்போது கைப்பையில் எடுத்துப் போனேன். உங்கள் மாப்பிள்ளை கேலி செய்தார்: "மாமாவுக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சுபோல. எனக்கும் ரெண்டு பாட்டில் அனுப்பச் சொல்லு."

பொடியனிடம் விளையாட்டு என்று சொன்னேன். ஒரே நாளில் பழகிவிட்டான். இப்போது எல்லோரையும் வலது பக்கம் வந்துதான் கூப்பிடுகிறான், பக்கத்து வீட்டு டிரைவரையும்.

ஒன்று கேட்கலாமா? மன்னிப்பு என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்தோ பேனாவிலிருந்தோ நான் இதுவரை பார்த்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ராத்திரி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. கடிதம் டைப் அடித்திருந்தது, எப்போதும் போல. கீழே 'அப்பா' என்றிருந்தது, அதுவும் எப்போதும் போல.

இது நீங்கள் எழுதியதுதானே? ஆமாம் என்று ஒரு வரி போடுங்கள், போதும்.

அன்பு மகள்


மார்ச் 15, ஞாயிறு

மகளுக்கு,

பிப்ரவரி 18 கடிதத்தை நான் எழுதவில்லை. இது உறுதி. நீ எழுதியதைப் படித்துத்தான் அப்படி ஒன்று போயிருப்பதே எனக்குத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் 5ஆம் தேதி வந்தார். காலை பத்துக்குப் பகல்காரரிடமும் மாலை ஏழரைக்கு என்னிடமும் ஒரே பதினெட்டுக் கேள்விகள் கேட்டார். பதினேழுக்கு இருவர் பதிலும் ஒன்று. நான் எழுதிக்கொடுத்தது அவ்வளவு துல்லியமாக இருந்தது. பதினெட்டாவது, மகளுக்கு எந்தக் காது கேட்காது என்பது. அதை நான் எழுதிக்கொடுத்திருக்கவில்லை.

வலது என்றேன்.

"காலைல இடதுன்னு சொன்னீங்களே" என்றார் இன்ஸ்பெக்டர்.

நான் வலது என்று மறுபடியும் சொன்னேன், கொஞ்சம் கோபமாகவே. பெற்றவனுக்குத் தெரியாதா என்றும் கேட்டேன். அவர் மேஜைமேல் இருந்த உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினார். அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. நான் போட்ட கோடு அல்ல.

பிழை என்னுடையது. முப்பத்தெட்டு வருஷத்தில் என் செய்திகளுக்கு நான்கு முறை திருத்தம் வெளியிட்டிருக்கிறேன். இது ஐந்தாவது: இடது.

சரியான பதில் சொன்னவரே பதிவில் உள்ளவர் என்று முடிவாயிற்று. பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். 11ஆம் தேதி அவர் புறப்பட்டார், இதைச் சொன்னது வாட்ச்மேன். உன்னிடம்தான் வருகிறார் என்பது என் ஊகம், உறுதியாகவில்லை.

நான் வெளியேற்றப்படவில்லை. அவருடைய டிப்போ வேலை காலியாக இருந்தது. சாம்பல் கோட்டோடு போய் நின்றேன். மேற்பார்வையாளர், "நாலு நாளா எங்க போனீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்போது அறையில் எனக்குப் பகல் முறை. இரவுக்கு ஒரு புது ஆளை அளந்துகொண்டிருக்கிறார்கள். மேனேஜர், "இவரும் கிட்டத்தட்ட சரியா வர்றாரு சார்" என்று சந்தோஷப்பட்டார்.

நீ எழுதிக் கொடுத்தால் என் விஷயத்தை மறுபடி எடுப்பார்கள் என்று தெரிகிறது. குடும்பத்தார் ஒருவரின் வாக்குமூலம், ஒரு பக்கம் போதும். காலக்கெடு ஏப்ரல் 30.

நீ எப்படி இருக்கிறாய்?

அப்பா


மார்ச் 29, ஞாயிறு

நாற்பத்தொன்றாம் அறையில் பகலில் இருப்பவருக்கு,

அவர் வந்துவிட்டார். 24ஆம் தேதி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு. சொல்வது நான், கதவைத் திறந்தவளும் நான்தான்.

உங்கள் கடிதம் அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தது. உடனே தந்தி கொடுத்தேன். அந்தப் பெயர்க்காரர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார் என்று திருப்பிவிட்டார்கள். அதனால் இந்த உறைமேல் பெயர் எழுதவில்லை, அறை எண் மட்டும் போட்டிருக்கிறேன்.

அவர் நீங்கள் இல்லை என்று எனக்குக் கதவைத் திறந்ததுமே தெரியும். கத்தியிருக்க வேண்டும். அவர் ஒரு அடி நகர்ந்து என் வலது பக்கம் வந்து நின்று, "ரொம்ப நேரம் தட்டினேனோ, கேட்டிருக்காதேம்மா" என்றார். நான் வழிவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் மாப்பிள்ளை முதல் நாள், "மாமா முன்னவிட உயரமா தெரியறாரே" என்றார். இரண்டாம் நாள் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேரும் சேர்ந்து குழாய்க்கு வாஷர் மாற்றினார்கள். பொடியன் அவர் முதுகில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். எட்டுக்கு ஆறில் சுவரோடு ஒண்டிப் படுக்கிறார். பாதி இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார். யாருக்கு என்று கேட்டேன். "பழக்கம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை தனியாக இருக்கும்போது அவரிடம் ஒன்று கேட்டேன். ஒன்பது வயதில் எனக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் கிடந்தபோது அப்பா ஒரு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது குனிந்து என் காதில் ஏதோ சொன்னார். அது இடது காது. உதடு அசைந்தது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. அது என்ன என்று கேட்டேன்.

"அது கடிதத்துல வரலியேம்மா" என்றார். "பொய் சொல்ல மனசு வரல. போகச் சொன்னா இப்பவே போயிடறேன்."

நான் போகச் சொல்லவில்லை.

அந்த வார்த்தை என்ன என்று நீங்கள் எழுதுங்கள். எதை எழுதினாலும் என்னால் சரிபார்க்க முடியாது. இருந்தாலும் நம்புவேன். நீங்கள் கேட்ட வாக்குமூலத்தை அன்றைக்கே எழுதி அனுப்புவேன்.

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களைப் பத்து நாளுக்குள் வீட்டார் அழைத்துப்போய்ப் பதிய வேண்டும் என்று இங்கே விதி. அலுவலகத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்களாம், இவர் உங்கள் தந்தைதானா என்று. ஆமாம் என்று நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எந்த வாக்குமூலமும் செல்லாது. எங்களுக்கு நாள் குறித்திருக்கிறார்கள்: ஏப்ரல் 2, வியாழன், காலை பத்து மணி.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர பதினொரு நாள் ஆகும்.

மகள்