சுற்றுகிற எலியும் ஏழாம் குரோமோசோமும்

1-10-84, திங்கள்
காலையிலிருந்து மூட்டம், மழை இல்லை. எலி அறையில் ஒரே புழுக்கம்.

இந்த வாரக் குட்டிகளிலும் அதேதான். தன்னைத்தானே சுற்றுகிற செவிட்டு எலிகள் பெரும்பாலும் வெள்ளை. வெள்ளை நிற மரபணு இருப்பது ஏழாம் குரோமோசோமில். செவிட்டு மரபணுவும் அதன் பக்கத்து வீடுதான் போல. எலிக்கு அங்கே இருக்கும் மரபணுக்களில் சில, மனிதருக்குப் பதினொன்றாம் குரோமோசோமில். என் மகள் செல்விக்குக் காது கேட்காததும் அங்கிருந்துதானா? ஏழு வயதாகிறது அவளுக்கு.

இரண்டாவது கலப்பிலும் ஒத்து வந்தால்தான் நம்புவார்கள். இன்னும் நாற்பது குட்டி வேண்டும். காதில் துளை போட்டு எலியை அடையாளம் வைக்கும் கருவி வரவே இல்லை. எல்லாம் கூண்டு அட்டையை நம்பித்தான்.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் மாரப்பன் கேட்டார்: "அம்மணி, ஆயுத பூசைக்குக் கூண்டுக்கெல்லாம் பொட்டு வெச்சரலாமுங்களா?"
"வையுங்க" என்றேன், பஸ் பிடிக்கிற அவசரத்தில்.

3-10, புதன். திருச்செங்கோடு
மாமாவின் போர்வெல் லாரிக்குப் பூசை. பூசணி உடைத்தார்கள், ஹாரன் அடித்தார்கள். செல்வி பக்கத்திலேயே நின்றாள், திரும்பவில்லை.

அம்மா: "அடுத்த கொழந்த எப்ப சாமி?"
மாமா: "இவ எலி வேல முடியட்டுங்க்கா. அப்பறம் பாத்துக்கலாம்."
அம்மாவின் தம்பியான இந்த மாமாவையே கட்டிக்கொண்டவள் நான். அடுத்ததுக்கும் காது கேட்காமல் போக நாலில் ஒன்று என்ற கணக்கை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

5-10, வெள்ளி
எல்லாம் போச்சு.

கூண்டுகள் பளபளவென்று. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். அட்டை ஒன்றுகூட இல்லை. கழுவுவதற்காக மாரப்பன் எல்லா எலிகளையும் சிமெண்டுத் தொட்டியில் விட்டு, பிறகு கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டிருக்கிறார். தாய் எது, மகள் எது, எந்தக் கலப்பின் குட்டி எது, தெரியாது.

முதல் கலப்பு நோட்டில் பத்திரம். இரண்டாவது முழுக்க அட்டையில்தான். முடிந்ததும் சேர்த்து எழுதலாம் என்று விட்டிருந்தேன். என் சோம்பல்.

"அட்டையெல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சுங்க, எரிச்சுப்போட்டனுங்க. பாப்பாவுக்குக் காது கேக்கோணும்னு சொல்லிச் சொல்லித்தானுங்க ஒவ்வொண்ணாக் கழுவுனேன்."

மத்தியானம் சாப்பிடவில்லை. மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

6-10, சனி
பேராசிரியர்: "எலிதானேம்மா, மறுபடி வளர்த்தாப் போச்சு." அடுத்த மூச்சில்: திட்டம் டிசம்பரோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டார்கள், அறையைக் காலி செய்ய வேண்டும். யார் செய்தது என்று எழுதிக் கொடு என்றார். "என் அனுமதியுடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாரப்பனுக்கு மூன்று பெண்கள்.

வாங்க: குளோரோஃபார்ம். பஞ்சு. செல்விக்குச் செருப்பு.

8-10, திங்கள்
நல்ல மழை. முந்நூற்றுப் பன்னிரண்டு எலி. நானே செய்தேன். கடைசிக் கூண்டில் ஒன்று மூடியைத் திறக்கும்வரை சுற்றிக்கொண்டே இருந்தது. கை இன்னும் நாறுகிறது.

சாயங்காலம் மாமா லாரியில் வந்தார். சொன்னேன். மாமா: "உடு புள்ள. ரெண்டு வருசம் காத்திருந்தோம், இன்னொரு ரெண்டு வருசம். அந்தக் கோளாறு இருக்கற இடம் தெரிஞ்சா வயித்துலயே பாத்துச் சொல்லிருவீங்கல்ல?"

"ஆமாங்க" என்றேன்.

எனக்கு முப்பத்தாறு. இடம் தெரிந்தாலும் வயிற்றுப் பிள்ளையை அப்படிப் பார்த்துச் சொல்ல இங்கே ஆள் இல்லை. இது எனக்கு முதல் நாளே தெரியும். பெற்றுக்கொள்ளப் பயம். அதை அவரிடம் சொல்ல முடியாமல்தான் எலியைச் சாக்குக் காட்டிக்கொண்டிருந்தேன்.